டீ வாங்கி வந்தவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மாவுக்கும், தலைமையாசிரியர் சாருக்கும், குழுவில் இருக்கிற எங்கள் அம்மா அப்பாக்களுக்கும்,

போன வெள்ளிக்கிழமை நீங்கள் கூட்டம் போட்ட ஒன்றரை மணி நேரமும் நாங்கள் எட்டுப் பேரும் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே பேச்சு எங்களைப் பற்றித்தான் என்பது தெரியும், கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு நோட்டில் குறித்துக்கூட வைத்திருந்தோம். நடுவில் ஒரு தடவை கதவு திறந்தது. கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து முன்னால் போனோம். "கடையில போய் 18 டீ சொல்லிட்டு வாங்க, அதுல ரெண்டு சர்க்கரை இல்லாம" என்றார்கள். வாங்கி வந்து கொடுத்தோம். கதவு மறுபடி மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் மைக்கில் வாசித்தபோதுதான் தீர்மானம் என்னவென்று எங்களுக்கே தெரிந்தது. குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எங்கள் சுவர்ப் பத்திரிகையை எடுத்துவிட வேண்டும். உடல்நலம் பற்றிய பேச்சு இனிமேல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும், மூடிய அறையில், வருஷத்துக்கு ஒரு தடவை. மாணவர்கள் தாங்களாகக் கூடி எதையும் எழுதவோ கேட்கவோ கூடாது. காரணம் என்று சொன்னது ஒரே ஒரு வரி: வயதுக்கு மீறிய விஷயம், ஊரில் கெட்ட பேர் வருகிறது.

இதை எங்களால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். கோபத்தில் எழுதியதுதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் மரியாதை குறையாமல் எழுத முயன்றிருக்கிறேன்.

முதலில் அந்தப் பத்திரிகையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அதை நேரில் வந்து படிக்கவில்லை, வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய பாதிப் படத்தைத்தான் பார்த்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நாலு சார்ட் பேப்பர். ஒன்றில் வியாழக்கிழமை தருகிற நீல மாத்திரையைப் பற்றி. அது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தேதான் கொடுக்கிறார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் பையன்கள் அதற்கு "பொம்பளப் புள்ள மாத்திரை" என்று பேர் வைத்து ஜன்னல் வழியாக வீசுகிறார்கள், பெண்கள் "இதைப் போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதாம்" என்று பயந்து நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து வெளியே போய்த் துப்புகிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது, பாதிக்கு மேல். மாத்திரை வகுப்பறை வரை வந்துவிட்டது, அது எதற்கு என்கிற ஒரு வரி மட்டும் வரவில்லை. அந்த ஒரு வரியைத்தான் நாங்கள் எழுதினோம்.

இரண்டாவது சார்ட்டில் மாதவிடாய். மூன்றாவதில் பையன்களுக்குக் குரல் உடைவது, மீசை முளைப்பது, சிலருக்கு முன்னால் சிலருக்குப் பின்னால் நடப்பது ஏன் என்பது. நாலாவதில் பேருந்திலோ வீட்டிலோ செல்போனிலோ யாராவது தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வது என்பது, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டோடும். எல்லாம் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். எழுதி முடித்ததும் சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் காட்டி, அவர் இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்த பிறகுதான் ஒட்டினோம்.

புத்தகத்தில் இருப்பதை ஏன் சுவரில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். புத்தகத்தில் இருக்கிறது, வகுப்பில் இல்லை, அதனால்தான். பத்தாம் வகுப்பில் "தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்" பாடத்தில் மகரந்தச் சேர்க்கை வரை சார் அருமையாக நடத்தினார், செம்பருத்திப் பூவைப் பிய்த்துக் காட்டினார். அடுத்த நாள் வந்து, "மீதியை நீங்களே படிச்சுக்கங்க, கைடுல இருக்கு" என்றார். பையன்கள் வரிசையில் சிரிப்பு, நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பொதுத்தேர்வில் அதிலிருந்து கேள்வி வரும் என்பதால் மாதவிடாய் சுழற்சியின் நாலு நிலைகளையும் மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் எனக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனபோது அது வியாதியா இல்லையா என்று கேட்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. சாரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் கூச்சம். அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைதானே.

ஊரில் கெட்ட பேர் என்கிறீர்கள். ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தபோது பேருந்து நிறுத்தத்தில் பத்து நாள் என் படம் தொங்கியது. பூப்புனித நீராட்டு விழா என்று போட்டு, நான் கிரீடம் வைத்துக்கொண்டு நிற்கிற ஃப்ளெக்ஸ். மைக் செட் கட்டி, தாய்மாமன் சீர்வரிசையை ஊர்வலமாகக் கொண்டுவந்து, மொய் எழுதினார்கள். குழுவில் இருக்கிற உங்களில் நாலு பேராவது வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள், மொய் நோட்டில் பேர் இருக்கிறது. அன்றைக்கு என் உடம்பில் என்ன நடந்தது என்பதை ஊர் முழுக்க மைக்கில் சொன்னோம், யாருக்கும் கெட்ட பேர் வரவில்லை. அது ஏன் நடக்கிறது, துணியை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எந்த அளவுக்கு வலித்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்று சார்ட் பேப்பரில் எழுதினால் மட்டும் வருகிறதா?

அடுத்து, பெண்களுக்கு மட்டும் என்ற தீர்மானம். எனக்கு இதுதான் ரொம்ப வலித்தது. எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் பையன்கள். அவர்களில் ஒருவன் ஏன் இதில் சேர்ந்தான் என்று அவனிடமே கேட்டு, அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். அம்மா நடவுக்குப் போயிருந்த ஒரு நாள், வீட்டில் அவனும் தங்கையும் மட்டும். தங்கை பாவாடையில் ரத்தத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். எங்கேயோ பெரிதாக அடிபட்டுவிட்டது, செத்துப்போய்விடுவாள் என்று இவன் நினைத்துவிட்டான். அவளை சைக்கிளில் உட்காரவைத்து, மூன்று கிலோமீட்டர் மிதித்து, சுகாதார நிலையத்தில் போய் நின்று தேம்பியிருக்கிறான். நர்ஸம்மா இருவருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து விளக்கிச் சொன்னாராம். "எனக்கு ஒரே ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா தங்கச்சி அப்படி பயந்திருக்க மாட்டா, நான் தைரியம் சொல்லியிருப்பேன்" என்றான். இந்தப் பையனைத்தான் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறீர்கள்.

மூடிய அறைக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். போன வருஷம் வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. பெண்களை மட்டும் ஹாலில் உட்காரவைத்து ஜன்னல்களை அடைத்து, 40 நிமிஷம் பேசி, ஆளுக்கு ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். பையன்களுக்கு அந்த நேரம் கிரவுண்ட். நாங்கள் வெளியே வந்ததும் "என்னடி குடுத்தாங்க" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையிலிருந்து பிடுங்கி, மேலே தூக்கிப்போட்டு கேட்ச் பிடித்தார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. நீங்கள் ரகசியம் என்று கதவைச் சாத்தினால் வெளியே நிற்கிறவனுக்கு அது கேலிப்பொருள். இவ்வளவு சுலபமான கணக்கு ஏன் புரியாமல் போனது என்று தெரியவில்லை.

பெண்கள், பையன்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் முடிந்துவிட்டது என்று நாங்களும்தான் நினைத்தோம், எங்களிடமும் தப்பு இருக்கிறது. சார்ட் ஒட்டிய அன்று, கண் தெரியாத எங்கள் வகுப்புத் தோழன், "சுவத்துல ஒட்டிட்டீங்க சரி, எனக்கு?" என்று கேட்டான். யாருக்கும் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் போனில் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தோம். சக்கர நாற்காலியில் வருகிற இன்னொரு தோழி மாதத்தில் நாலு நாள் லீவு போடுகிறாள். வருகைப் பதிவு குறைகிறது என்று அவளைத் திட்டுகிறார்கள். அவள் ஏன் லீவு போடுகிறாள் என்பது இந்தப் பள்ளியின் சாய்தளத்தைப் பார்த்தால் தெரியும். நம் பள்ளி வாக்குச்சாவடி, அதனால் வாக்குப்பதிவு நடக்கிற அறைக்குப் போக கைப்பிடியோடு நல்ல சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்கு மூன்று படி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட வருகிறவருக்கு வழி இருக்கிறது, தினமும் வருகிற அவளுக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல்.

பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அடையாளம் எதையும் சொல்ல மாட்டேன். நடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து தினமும் கேலி. ஆசிரியர்களில் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்போது வேறு ஊரில் திருநங்கையாக வாழ்கிறார், என்னிடம் எப்போதாவது போனில் பேசுவார். "அந்த ஒரு பீரியடுல யாராவது ஒருத்தர் இதுவும் இயல்புதான்னு சொல்லியிருந்தா நான் பிளஸ் டூ முடிச்சிருப்பேன்" என்றார். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில் இப்படிப்பட்ட மாணவர்களைப் புரிந்துகொள்ள பள்ளிகள் என்ன செய்ய வேண்டும், பெற்றோரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. நம் பள்ளி அலுவலகத்தில் அது யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப்பார்த்தேன். தெரியவில்லை.

சார்ட்டுக்குக் கீழே ஒரு செருப்பு டப்பா வைத்திருந்தோம், பேர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம் என்று. மாணவர்கள் புகார் எழுதிப் போட ஏற்கனவே "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே, யார் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். எங்கள் டப்பாவில் ஒன்பது நாளில் 46 சீட்டு விழுந்தது. அசிங்கமாக எழுதியது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் எப்படி என்றால், "வயித்து வலிக்கு மாத்திரை போட்டா கெடுதலா?", "எனக்கு இன்னும் குரல் உடையல, எனக்கு ஏதாவது குறையா?", "அப்பா குடிச்சிட்டு வர்ற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, இது வியாதியா?" ஒரு சீட்டில் மாமா முறை உள்ள ஒருவரைப் பற்றி எழுதியிருந்தது. அதை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை, அன்றே எங்கள் தமிழ் டீச்சரிடம் கொடுத்தோம், அவர் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012இல் வந்தது. சட்டம் இருந்தும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு இடம் கிடைத்தது ஒரு செருப்பு டப்பாவில். இதை நீங்கள் வயதுக்கு மீறியது என்று எழுதினீர்கள். நடந்த கொடுமைதான் அந்தப் பிள்ளையின் வயதுக்கு மீறியது.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் உண்மையானது, என் அம்மாவுக்கும் இருக்கிறது. ஆனால் 2024 செப்டம்பரில், சென்னையிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது தவறான எண்ணம் என்பதை உச்ச நீதிமன்றமே விளக்கி, வயதுக்கு ஏற்ற முழுமையான கல்வி தேவை என்று சொல்லியிருக்கிறது. 2020இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளி உடல்நலத் திட்டத்தில் 11 தலைப்புகள் உண்டு. உணவு, மனநலம், போதைப் பழக்கம், பாலின சமத்துவம், இனப்பெருக்க நலம், பாதுகாப்பான இணையம், அப்புறம் பொறுப்புள்ள குடிமகனாக இருப்பது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியரும் ஒரு ஆசிரியையும் இதற்குப் பொறுப்பு, வகுப்புக்கு இரண்டு மாணவர்கள் அவர்களுக்குத் துணை. அதாவது நாங்கள் செய்ததை அரசே செய்யச் சொல்கிறது. உடம்பையும் குடிமைப் பொறுப்பையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

ஏன் என்றால் அந்த இரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்க்கிறீர்கள். போன அக்டோபர் 2 கிராம சபைக்கு இதே எட்டுப் பேரும் போனோம். கழிப்பறைக் குழாயில் காலை 11 மணிக்கு மேல் தண்ணீர் வருவதில்லை என்று மனு கொடுத்தோம். "வோட்டர் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். இல்லைதான், எங்களுக்கு இன்னும் 18 ஆகவில்லை. ஆனாலும் மனுவை வாங்கிக்கொண்டார்கள், 12 நாளில் மோட்டார் சரியானது. அப்போது இதே இறைவணக்கக் கூட்டத்தில் எங்களை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினீர்கள். தலைமையாசிரியர் சார், "நாளைய தலைவர்கள்" என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மகிழ் முற்றம் என்கிற மாணவர் குழுத் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை என்று குழு பிரித்து எங்களுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்ததும் நீங்கள்தான். தண்ணீர் கேட்டபோது நல்ல பிள்ளைகள், அந்தத் தண்ணீர் எதற்கு என்று எழுதியபோது கெட்ட பிள்ளைகளா?

மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டு. இந்நாள் மாணவர்களுக்கு வராந்தா. கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010இல் வகுத்த மாதிரி விதிகளில், பெற்றோர் விரும்பினால் பள்ளிப் பிள்ளைகளில் இருந்தும் உறுப்பினரை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தானே என்று யாராவது சொல்லலாம். சரி, எட்டாம் வகுப்புப் பிள்ளையையாவது கூப்பிடுங்கள், நாங்கள் சந்தோஷமாக வெளியே நிற்கிறோம். தங்களைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டது. நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால்.

தலைவி அம்மா, உங்களிடம் தனியாக ஒன்று. உங்கள் மகள் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள், எங்கள் சார்ட்டை இடைவேளையில் நின்று முழுக்கப் படித்தவர்களில் அவளும் உண்டு. அவளிடம் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். நாங்கள் கெடுத்தோமா என்று அவள் சொல்லட்டும்.

இனி நாங்கள் கேட்பது. போன வெள்ளிக்கிழமைத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு எடுங்கள், அந்த விவாதம் முடிகிற வரை எங்களில் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், உள்ளே உட்கார அனுமதி வேண்டும். அதற்குப் பிறகும் எல்லாக் கூட்டத்திலும், ஓட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேசுகிற உரிமையோடு மாணவர்களுக்கு இரண்டு நாற்காலி வேண்டும். உடல்நல வகுப்பை ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் சேர்த்தே நடத்துங்கள். தனியாகக் கேட்க வேண்டியதைத் தனியாகக் கேட்கவும் நேரம் ஒதுக்குங்கள், பையன்களுக்கும் அப்படி ஒரு நேரம் தேவை. நர்ஸம்மா மாதம் ஒரு நாள் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போனால் போதும். 11 தலைப்புகளுக்கும் பொறுப்பான அந்த இரண்டு ஆசிரியர்கள் நம் பள்ளியில் யார் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். புத்தகத்தில் இருக்கிற பாடத்தை யாரும் தாண்டிப்போகக் கூடாது. நடத்தக் கூச்சமாக இருந்தால் பரவாயில்லை, வேறு ஒருவரை வைத்து நடத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள், எங்களுக்கு அவை சில்லறை இல்லை. நாப்கின் இப்போது ஆண் ஆசிரியர் மேசைக்குப் பின்னால் பீரோவில் பூட்டி இருக்கிறது. அதைப் பெண்கள் கழிப்பறை வாசலிலேயே ஒரு அலமாரியில் வையுங்கள், கணக்கை நாங்கள் எழுதுகிறோம். எரிக்கிற மெஷின் வந்து ஒன்றரை வருஷமாகப் பிளக் பாயின்ட் இல்லாமல் தூசி படிந்து நிற்கிறது, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை. கழிப்பறைக்குச் சாய்தளமும் உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பியும் வேண்டும், இதை இந்த வருஷ பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

பதிலை மைக்கில் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள், அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்னால். எங்கள் சார்ட்டைக் கிழிக்கவில்லை, அலுவலகப் பீரோ மேலே சுருட்டி வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டோம். அதையும் செருப்பு டப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 46 சீட்டில் இன்னும் 19க்கு நாங்கள் பதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
எட்டுப் பேர் சார்பாக, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி